ஆடை எடுத்த பாலும் ஆறு வாரமும்

நம் குடும்ப வரலாற்றில் பெரிய முடிவுகள் அதிகம் எடுக்கப்பட்டதில்லை. எடுக்கப்பட்டவற்றில் தலையாயது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, செங்கல்பட்டு வீட்டின் சமையலறையில் எடுக்கப்பட்டது. இனி நம் வீட்டில் தோசைக்கு எண்ணெய் விடுவதில்லை என்பதே அது. நான் முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். உன் அம்மா தோசைத் திருப்பியோடு வெளிநடப்புச் செய்தாள். அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த உனக்கு வாக்குரிமை இல்லை. இருந்தும் நீ கை தூக்கினாய், இன்னொரு தோசை கேட்டு. அதை ஆதரவாகக் கணக்கில் கொண்டு தீர்மானம் நிறைவேறியது. அன்று மாலையே ஒட்டாத தோசைக்கல் ஒன்று வந்து சேர்ந்தது. நல்லெண்ணெய்த் தூக்கு பரண்மேல் ஏறியது. நெய் ஜாடி எதிர்வீட்டுக்குப் போயிற்று. பாலைக் காய்ச்சி, ஆற வைத்து, ஆடையை எடுத்து, மறுபடி காய்ச்சி, மறுபடி ஆடை எடுத்த பிறகே டம்ளரில் ஊற்ற வேண்டும் என்று ஒரு துணைவிதியும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றுக்கும் காரணம், கம்பெனியில் வருடா வருடம் நடக்கும் உடல் பரிசோதனையில் என் ரத்தத்தில் கொழுப்பு சற்று அதிகம் என்று எழுதியிருந்ததுதான். சற்று என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை நான் வீட்டில் படித்துக் காட்டவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது உன் கல்யாணத்தன்று நடந்தது. மணப்பெண் அறையில் உனக்குத் தலை பின்ன வந்த அம்மாள், கொண்டுவந்த சவுரிமுடியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "இன்னாமா முடி கீது பொண்ணுக்கு! எனக்குப் பாதி வேல மிச்சம்" என்றாள். உன் அம்மா எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று நீ என்னைக் கேட்டாய். ஓமப் புகை என்றேன். ஓமம் வளர்க்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நீ கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாய், நல்ல பெண். இரண்டாவது காரணம், நேற்றுக் கேளம்பாக்கத்திலிருந்து நீ போன் செய்து, மாப்பிள்ளையின் ஆபீஸில் ரத்தப் பரிசோதனை நடந்ததாகவும், நீங்கள் இருவரும் இனி எண்ணெயே இல்லாமல் சமைக்கப்போவதாகவும் பெருமையோடு சொன்னது. இந்த இரண்டுக்கும் ஒரே பதில்தான். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து, என்னைவிடச் சரியாகச் சொல்லிவிடுவாள். அதனால் கடிதம்.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிப் படிவங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மருந்து' என்று எழுதுவாய். பெரும்பாலும் சரிதான். ஆலத்தூரில் எங்கள் கம்பெனியில் மருந்தைக் கண்டுபிடிப்பவர் யாரும் கிடையாது. யாரோ எங்கோ கண்டுபிடித்த மருந்தை மனிதன் விழுங்கும்படி செய்து தருவதுதான் வேலை. அதில் ஒரு தொல்லை உண்டு. பல மருந்துகள் தண்ணீரில் கரையாது. நம் வயிறும் குடலும் தண்ணீர் நிறைந்த இடங்கள். கரையாத மருந்து உள்ளே போனால், பஸ்ஸைவிட்டு இறங்காமல் மாமல்லபுரத்தைச் சுற்றிப் பார்த்தவர் மாதிரி, ஒரு முனையில் நுழைந்து மறு முனையில் வெளியே போய்விடும். ஊரைப் பார்த்ததாகப் பெயர். ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இதற்கு ஒரு வழி, மருந்தை எண்ணெயில் கரைத்து, எண்ணெயும் தண்ணீரும் சண்டையில்லாமல் சேர்ந்திருக்க ஒரு துணைப்பொருளைக் கலந்து, எல்லாவற்றையும் ஒரு மெல்லிய உறைக்குள் ஊற்றிவிடுவது. அது வயிற்றில் போய் உடைந்ததும் தானாகவே நுண்ணிய துளிகளாகப் பிரிந்து பரவும். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினால், கலக்காமலே நீலம் பாய்ந்த பால் போல விரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அந்த மாதங்கள் முழுக்க, நீங்கள் வறட்டுத் தோசை தின்றுகொண்டிருந்தபோது, நான் பகலெல்லாம் அங்கே எண்ணெயின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் மாதம் உன் தலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்தது. பிறகு இன்னொரு இடத்தில். பிறகு காதுக்கு மேலே. முடி வேரோடு வராமல், யாரோ கத்தரித்த மாதிரி அடியில் ஒடிந்திருந்தது. படர்தாமரை என்றார் செங்கல்பட்டுத் தோல் மருத்துவர். தலையில் வந்தால் மேலே பூசுகிற மருந்து போதாது, உள்ளுக்குத்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு மாத்திரை எழுதினார். முற்றவிட்டால் புண்ணாகித் தழும்பு விழும், தழும்பு விழுந்த இடத்தில் பிறகு முடியே வராது என்றும் சொன்னார். அந்த வாரமே உன் பள்ளித் தலைமையாசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றும், ஆகவே முழுக்க ஆறிவிட்டது என்று மருத்துவர் சான்றிதழ் தரும்வரை உன்னை அனுப்ப வேண்டாம். அரையாண்டுத் தேர்வுக்குள் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. உன் பெயரில் மட்டும் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

மருத்துவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பாலோட குடுங்க." ஏன் பால் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. மருந்துக் கம்பெனியில் வேலை செய்பவன் மருத்துவரிடம் ஏன் என்று கேட்டால் கௌரவம் என்னாவது? வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கப் பால் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு அந்த மாத்திரையை நான் கொடுத்த விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்தாய், ஞாபகம் இருக்காது. கம்பெனியிலிருந்து வாங்கி வந்த சிறிய பீங்கான் கலுவத்தில் மாத்திரையைப் போட்டு மாவாக அரைப்பேன். கடிகாரம் பார்த்து, தினமும் ஒரே நேரத்தில். சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டி, கொடுத்ததும் ஒரு புள்ளி வைப்பேன். நான் அரைத்துக்கொண்டிருக்கும்போது எதிரே உன் அம்மா, துணைவிதிப்படி, பாலில் இரண்டாவது ஆடையை எடுத்துக்கொண்டிருப்பாள். எடுத்த ஆடை எதிர்வீட்டுப் பூனைக்குப் போகும். அந்த ஆறு வாரத்தில் பூனையின் ரோமம் பட்டு மாதிரி ஆகிவிட்டது. தெருவே சொல்லிற்று.

உன் தலையில் ஒன்றும் முளைக்கவில்லை. நாணயம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாயிற்று. உன் அம்மா உனக்கு ஒரு நீலத் துணியைத் தலையில் கட்டிவிடுவாள். நீ அதைக் கழற்றாமல் தூங்கப் பழகிவிட்டாய். சாயந்திரம் பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் நீயாகவே ஜன்னலைச் சாத்துவாய். யாரும் உன்னிடம் சாத்தச் சொல்லவில்லை. ஆறாவது வாரம் மருத்துவரிடம் போனோம். அவர் உன் தலையை விளக்கில் பார்த்துவிட்டு, "சார், டெய்லி தவறாம குடுக்கறீங்களா?" என்றார். நான் கட்டம் போட்ட தாளை விரித்துக் காட்டினேன். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக வியாதியைக் காப்பாற்றிய குடும்பத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லை போலும். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இல்லாவிட்டால் மொட்டையடித்து வேறு ஏதாவது யோசிப்போம் என்றார். உன் அம்மா வழியெல்லாம் உன் தலைத் துணியைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

வழி என்றேன், அதற்கு முன் மருத்துவமனை வாசலில் ஒன்று நடந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் அஞ்சலை என்ற பெண்ணை நாங்கள் முதல் நாளே அங்கே பார்த்திருந்தோம். மீன் விற்பவள். அவள் பெண்ணுக்கும் உன் வயது, அதே வியாதி, அதே நாளில்தான் வைத்தியம் தொடங்கியது. அன்று அந்தப் பெண் தலையில் துணியில்லாமல், வாசலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், உன் பொண்ணுக்கு இன்னும் ஆவலையா?" என்றாள் அஞ்சலை. "எம் பொண்ணப் பாரு, முள்ளு முள்ளா மொளச்சிகினு வருது."

"அதே மாத்திரைதானா?"

"அதே டாக்டரு, அதே மாத்திர, அதே கட. நீ எப்டி குடுக்கற?"

"அரைச்சு, பால்ல."

"பாலுக்கு நான் எங்க போறது? வூட்டாண்ட மாடா கீது? கடலுதான் கீது. மத்திக் கொழம்பு ஊத்தி, சோத்துல போட்டுப் பெசஞ்சிடுவேன். கசப்பு தெரியாம துன்னுடும்."

"குழம்புல எண்ணெய் நிறைய ஊத்துவியா?"

"மத்தில நானா எண்ண ஊத்தணும்? அதுவே எண்ணதான். துன்னுட்டு கைய கழுவு, சோப்பு பேஜாராயிடும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, நீ இன்னா வேல பாக்கற?"

"மருந்துக் கம்பெனி."

அவள் ஓடிக்கொண்டிருந்த தன் பெண்ணைக் கூப்பிட்டு, என் பக்கத்திலிருந்து சற்றுத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டாள்.

உள்ளே ஏதோ ஒன்று இடித்தது. ஆனால் படித்தவனுக்கு ஒரு விஷயம் மனதில் இடித்தால் அதை ஒதுக்கிவைக்கத் தெரியும். குப்பத்துப் பெண்ணுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கம்பெனியில் முதலாளி முன்னால் என் எண்ணெய் உறை மருந்துக்கு அனுமதி கேட்கும் கூட்டம். முதலாளி வணிகவியல் படித்தவர். விஞ்ஞானத்தை ஒரு செலவினமாக மதிப்பவர். "எண்ணெய்னா ஒழுகும்பா. ஒழுகினா பெட்டி நாறும். நாறினா கடைக்காரன் திருப்பி அனுப்புவான். மாத்திரையே போதுமே" என்றார். நான் குவளையில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். பிறகு மாதக்கணக்காகப் பேசிப் பேசி மனப்பாடமாகிவிட்டதைச் சொன்னேன்: கரையாத மருந்து உடம்பில் சேர வேண்டுமானால் சாப்பாட்டில் கொழுப்பு வேண்டும். கொழுப்பு குடலுக்கு வந்தால்தான் பித்தநீர் சுரக்கும். பித்தநீர்தான் அந்த மருந்தைத் தூக்கிக்கொண்டு போகும். "எண்ணெய் இல்லாத சாப்பாட்டோட இந்த மாதிரி மாத்திரையைக் குடுத்தா, எவ்வளவு ஒழுங்கா குடுத்தாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே போயிடும் சார்."

முதலாளி சிரித்தார். "எண்ணெய் இல்லாம எவன்பா சாப்பிடுவான்? நம்ம ஊர்ல அப்படி ஒரு முட்டாள் குடும்பம் இருக்கா?"

எங்கள் பிரிவில் உறை நிரப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர், திருக்கழுக்குன்றத்துக்காரன், தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அவன் மேஜைக்குக் கீழே இருந்த என் டிபன் கேரியரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கீது சார்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்த வாக்கியம் என் காதுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஆலத்தூரிலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த விஷயம் அந்தத் தூரத்தைக் கடக்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டது.

அரை நாள் விடுப்பு கேட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "நெய் வாங்கணும்னு எழுது அண்ணாத்த, உண்மையதான எழுதற" என்றான் தனசேகர். குடும்ப அவசரம் என்று எழுதினேன். திருப்போரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில் நெய் வாங்கிக்கொண்டு, பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோனாள். நான் சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பு, பித்தநீர், அஞ்சலை, மத்தி. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாலோட குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் மெதுவாக. "நான் ஆடையை எடுத்துட்டு இருந்தேன். நீங்க எதிர்ல உக்காந்து மாத்திரை அரைச்சுட்டு இருந்தீங்க. தெனமும். ஆபீஸ்ல நீங்க என்னதாங்க வேலை பண்றீங்க?"

அதற்கான பதிலைப் பணி ஓய்வு பெற்ற பிறகும் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று மாலை பரணிலிருந்து தூக்கு இறங்கியது. எதிர்வீட்டார் எங்கள் நெய் ஜாடியைக் கழுவி, துடைத்து, காலியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். உனக்கு நெய் மிதக்கும் பொங்கலில் மாத்திரைத் தூளைப் பிசைந்து தந்தோம். நீ தட்டை நக்கிவிட்டு, "நாளைக்கும் மருந்து உண்டா?" என்று கேட்டாய். கட்டம் போட்ட தாளில் அன்றைக்கு நான் புள்ளி வைக்கவில்லை. முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்ததால், புதுத் தாள் ஒட்டினேன்.

நாலாவது வாரத்தில், குளிப்பாட்டிக்கொண்டிருந்த உன் அம்மா என்னைக் கூப்பிட்டாள். உன் தலையைத் தொடச் சொன்னாள். காதுக்கு மேலே, வெறுமையாக இருந்த இடத்தில், விரல் நுனிக்குச் சொரசொரவென்று பட்டது. சொன்னால் சிரிப்பாய், என் வாழ்நாளில் எத்தனையோ சோதனைகளின் முடிவுகளுக்காகக் காத்திருந்திருக்கிறேன். எதையும் இப்படித் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்ததில்லை. நீ கூச்சத்தில் நெளிந்து, சோப்புக் கையால் என் சட்டையில் அடித்தாய். அதற்குப் பிறகு நீ ஜன்னலைச் சாத்துவதை நிறுத்த இன்னும் சில நாள் ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. தழும்பு ஒன்றும் விழவில்லை. மருத்துவரிடம் நான் உண்மையை ஒத்துக்கொண்டது சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகுதான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நான் பால்னு சொன்னேன். நீங்க தண்ணிக்கு வெள்ளை அடிச்சுக் குடுத்திருக்கீங்க." பிறகு சற்று யோசித்து, "நானும் ஏன்னு சொல்லியிருக்கணும்" என்றார். அதன்பின் அவர் சீட்டுகளில் 'ஆடையோடு' என்று ஒரு சொல் கூடுதலாக வந்தது.

கம்பெனி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். உன் மாத்திரை எண்ணெயிலும் சரியாகக் கரையாத பிடிவாதக்கார மருந்து. அதற்கு நெய்ப் பொங்கல்தான் லாயக்கு. ஆனால் வேறொரு மருந்துக்கு முதலாளி அனுமதி தந்தார். என் வாதம் அதற்குள் மாறியிருந்தது. எல்லா நோயாளிக்கும் அஞ்சலையின் குழம்பு கிடைக்காது. சிலருக்கு என்னைப் போன்ற குடும்பத் தலைவர்கள் வேறு வாய்த்திருப்பார்கள். ஆகவே மருந்து தன் சாப்பாட்டைத் தானே கட்டிக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு என்றேன். உறைகள் ஆலத்தூர் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, ஒழுகின, பெட்டிகள் நாறின. முதலாளி சொன்னது அத்தனையும் வரிசையாக நடந்தது. உறையின் தடிமனை மாற்றி, கலவையை மாற்றி, தனசேகரும் நானும் சில வருடங்கள் அதோடு மல்லுக்கட்டி ஒருவழியாக வெளியே அனுப்பினோம். அறிமுக விழாவில் முதலாளி, எண்ணெயே சேர்க்காத குடும்பங்களும் நம் நாட்டில் உண்டு என்பதைத் தாம் நெடுநாள் முன்பே உணர்ந்ததாகப் பேசினார். ஆதாரம் கேட்டவர்களுக்குத் தனசேகர் என்னைக் காட்டினான்.

ஆகவே, எண்ணெயைக் குறைக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை; மாப்பிள்ளையின் ரத்தம் மாப்பிள்ளையுடையது. ஆனால் பரிசோதனைத் தாளில் 'சற்று' என்று போட்டிருக்கிறதா என்று நீயே படித்துப் பார். வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டால், எதோடு, ஏன் என்று வெட்கப்படாமல் கேள். இன்னொன்று. நீங்கள் இருவரும் ஆபீஸில் மிகவும் புத்திசாலிகள் என்று கேள்விப்படுகிறேன். அந்தப் புத்தி சாயந்திரம் உங்களோடு பஸ் ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது பல வருடம் ஆலத்தூரிலேயே தங்கிவிட்டது. மற்றபடி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மா வாரம் ஒருமுறை மத்திக் குழம்பு வைக்கிறாள். என் ரத்தத்தில் கொழுப்பு இன்னமும் சற்று அதிகம்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. உன் பிறப்புச் சான்றிதழ் தாமதமாகக் கிடைத்ததால்தான் உன்னைப் பள்ளியில் ஒரு வருடம் பிந்திச் சேர்த்தோம் என்று உன்னிடம் சொல்லி வந்திருக்கிறோம். சான்றிதழ் நீ பிறந்த வாரமே கிடைத்துவிட்டது. அந்தப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு டிசம்பர் மூன்றாம் வாரம் முடிந்தது. முழுக்க ஆறிவிட்டது என்ற மருத்துவர் சான்றிதழ், அந்த ஆறு வாரம் பிந்தி, ஜனவரி இறுதியில் வந்தது. ஜூன் மாதம் உன்னை வேறு பள்ளியில், மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம்.